குளிருக்கு ஒரு குவார்ட்டர்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 24 ஆண்டுகளாக டீ மேக்கராக இருக்கிறேன். முந்தைய இரவு ஓடிய தூளைக் காலையில் வரிசையாகக் கோப்பைகளில் போட்டு, கொதிநீர் ஊற்றி, சில நிமிடம் மூடிவைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை. விழுங்குவதில்லை, துப்பிவிடுவோம். இலையை வாடவைத்ததில் பிழையா, நொதிக்கவிட்டதில் பிழையா, உலர்த்தும்போது சூடு கூடிவிட்டதா என்பதை நாக்கே சொல்லிவிடும்.

இந்த நாக்கோடுதான் மதுவையும் குடித்திருக்கிறேன். அதனால் முதலில் சுவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிக்கும் பழக்கம் உள்ளவன், குடியின் கேட்டைப் பற்றி எழுதும்போது சுவையே அறியாதவனைப் போல எழுதினால் அது பொய்.

எனக்குப் பிடித்தது இனிப்பில்லாத சிவப்பு ஒயின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் துவர்ப்பு, நல்ல தேநீரின் துவர்ப்புக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஈறில் ஒரே இடத்தைப் பிடிக்கின்றன. அடுத்து பீர். ஹாப்ஸ் என்ற கொடியின் பூ தரும் கசப்பை நான் ரசிப்பேன். ஐஸ் போலக் குளிரவைத்தால் அந்தக் கசப்பு மரத்துப்போகும். எங்கள் ஊரில் அலமாரியில் வைத்த பீரே போதுமான குளிர்ச்சியில் இருக்கும். ரம்மில் வெல்லப்பாகு வாசனை உண்டு, அதையும் குறை சொல்லமாட்டேன். பிராந்தி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பிராந்தி என்றால் ஒயினைக் காய்ச்சி வடித்தது. நம் கடைகளில் மலிவு விலையில் கிடைப்பதோ பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் வாசனையும், கருக்கிய சர்க்கரையின் நிறமும் சேர்த்தது. நாக்கில் வைத்தால் முதலில் எரிச்சல், பிறகு செயற்கையான ஒரு இனிப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு நெருக்கமானது எதிர்வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயின். நவம்பர் பிறந்ததும் கம்பத்துப் பன்னீர் திராட்சை வந்து இறங்கும். கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, பெரிய பீங்கான் ஜாடியில் சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமையோடு போட்டுக் கட்டிவிடுவார். எங்கள் குளிரில் அது எளிதில் பொங்காது. அதனால் ஜாடிக்குப் பழைய கம்பளியைச் சுற்றி அடுப்படி ஓரமாக வைப்பார். தினம் ஒருமுறை மர அகப்பையால் கிளறும்போது என்னையும் கூப்பிடுவார். ஜாடியின் வாயருகே காதை வைத்தால் உள்ளே குமிழிகள் பொட்டுப் பொட்டென்று உடைவது கேட்கும். 21ஆம் நாள் வடிகட்டுவார். அந்த நிறத்தை மாலை வெயிலில் பார்க்க வேண்டும்.

சுவையைப் பற்றி இவ்வளவுதான். என் மனதை அரிப்பது வேறு ஒன்று. எங்கள் மலையில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மதுவையே ஆபத்தில்லாதது என்று சொல்லிக்கொள்கிறார்கள். பீர் குடிப்பவர் அது உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார். ஒயின் குடிப்பவர் இதயத்துக்கு நல்லது என்கிறார். பிராந்தி சளிக்கு மருந்து, ரம் குளிருக்குக் காவல். பிரசவித்த பெண்ணுக்குக் கூட ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். நாக்கின் விருப்பத்தை மருத்துவ அறிவாக மாற்றிக்கொண்டு வாழ்கிறோம்.

கல்லீரலுக்கு நிறம் தெரியாது, பெயர் தெரியாது, விலையும் தெரியாது. உள்ளே வந்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதுதான் அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். பாட்டிலின் அளவை மில்லியில் எடுத்து, லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, வருவதை 0.789ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிராம் கிடைத்துவிடும். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதில் 60 மில்லி லார்ஜ் ஒன்றுக்கு 20 கிராமுக்குச் சற்று மேல். ஆக, பீர்தானே என்று ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை முடித்தவர் இரண்டு லார்ஜ் பிராந்தி குடித்திருக்கிறார். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 61 கிராம். 12 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டில், அதாவது 750 மில்லி, 71 கிராம். என் அன்புக்குரிய ஒயின் குவார்ட்டரைத் தாண்டி நிற்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்ட இரவு, நோட்டுப் புத்தகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் ஜாடியில் எத்தனை சதவீதம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இனிப்பு அதை மறைத்துவிடும். அதனால்தான் அது என்னை ஏமாற்றக்கூடியது.

எல்லா மதுவும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்லவரவில்லை. வேகத்தில் வேறுபாடு இருக்கிறது. பீரை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். நாள் முழுவதும் மலைச்சரிவில் வேலை பார்த்து, மதியம் சரியாகச் சாப்பிடாமல், கடை வாசலிலேயே நின்று ராவாக ஒரு குவார்ட்டரை ஐந்து நிமிடத்தில் ஊற்றிக்கொள்ளும் தொழிலாளியின் இரத்தத்தில் அத்தனையும் ஒன்றாக ஏறுகிறது. சாதாரண உடலால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் எரிக்க முடியும். கடுங்காப்பி, பச்சைத்தண்ணீர்க் குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதைக் கூட்டாது. மேட்டுப்பாளையத்தில் ஒரு ஸ்ட்ராங் பீரை முடித்துவிட்டுப் பர்லியார் வளைவுகளில் வண்டியை ஏற்றுபவர், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைத் தாண்டித்தான் ஓட்டுகிறார். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் என்ன நடக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கள்ளச்சாராயம் முற்றிலும் வேறு கணக்கு. அதில் மெத்தனால் கலந்துவிட்டால் உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் போகும், பிறகு உயிர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். மலிவு என்பதற்காக அதைத் தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

புற்றுநோய்க்கு வருகிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் அதே பிரிவு. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் நீள்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பதை 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. இதை அக்காவிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து சிறிய கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துத் துடைத்தார்.

மதுவின் ஆபத்து குடிப்பவரோடு நிற்பதில்லை என்பதற்கும் எங்கள் மலையே சாட்சி. காட்டோரம் வீசிய பாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறுகிறது. புண் சீழ் வைத்தால் அந்த உடம்பின் எடையே அதற்குப் பகை. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில்தான் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. டாஸ்மாக் செய்தவற்றில் நான் மனமாரப் பாராட்டுவது இது ஒன்றை.

இனி குளிர். மார்கழியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் புல்மீது உப்புத் தூவியது போல உறைபனி படர்ந்திருக்கும். அந்தக் குளிருக்கு ஒரு குவார்ட்டர் என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளுறுப்புகளைக் காக்கவேண்டிய சூடு தோலுக்கு வந்து காற்றில் போய்விடுகிறது. கன்னம் சிவக்கிறது, காது சுடுகிறது, சூடேறிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் உடம்பு உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது. எங்கள் தொழிற்சாலையின் இரவுக் காவலர் ஒருவர் ஜனவரி விடியலில் விறகு அடுக்கின்மேல் விறைத்துக் கிடந்தார். நடுக்கம் கூட நின்றுபோயிருந்தது. உலர்த்தும் அறைக்குத் தூக்கிச்சென்று, கம்பளிமேல் கம்பளி போர்த்திக் காப்பாற்றினோம். அருகே காலிப் பாட்டில் கிடந்தது. எவ்வளவு குளிரோ அவ்வளவு குடித்திருந்தார்.

குளிர் என்ற காரணம் இன்னொரு கொடுமையையும் செய்கிறது. சுவைக்காகக் குடிப்பவனுக்கு என்றாவது ஒருநாள் வேண்டாம் என்று தோன்றும். குளிருக்காகக் குடிப்பவனுக்கு அப்படித் தோன்றாது. இங்கே ஆண்டில் பாதி நாள் குளிர், மீதிப் பாதி மழை.

என் சித்தப்பா அப்படித்தான் முப்பது ஆண்டுகள் குடித்தார். தினமும் மாலை ஒரு குவார்ட்டர் பிராந்தி. கூடாது, குறையாது. சண்டையில்லை, தள்ளாட்டம் இல்லை. நல்ல குடிகாரர் என்று ஊரே மெச்சியது. ஒரு கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. முதல் நாளே கை நடுங்கியது, அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்தது. விரதத்தின் களைப்பு என்றோம். இரண்டாம் நாள் மாலை ஒரு வலிப்பு வந்து நின்றது. எலுமிச்சம்பழம் நறுக்கி மந்திரித்தார்கள். மூன்றாம் இரவு கம்பளியில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எறும்பு எதுவும் இல்லை. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். இதோ, இதோ என்று என் கையிலிருந்தும் பொறுக்கினார். விடிவதற்குள் வண்டி வைத்துக் கீழே கொண்டுபோனோம். பர்லியாரைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது.

மறைவாகக் குடித்திருப்பார், அதனால் சாமி தண்டித்துவிட்டது என்று சாவு வீட்டிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவர் வாக்குத் தவறவில்லை. தினம் அறுபது கிராமுக்குப் பழகிய மூளையிடமிருந்து அதை ஒரே நாளில் பிடுங்கிவிட்டோம், எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் உரிய மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து, சில நாள் கவனித்தால் பெரும்பாலானோர் நலமாக வெளியே வந்துவிடுகிறார்கள். 2020இல் ஊரடங்குக்காக மார்ச் இறுதியில் மூடிய கடைகள் மே 7ஆம் தேதிதான் திறந்தன. அந்த நாட்களில் எங்கள் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கை நடுங்க உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்ததும் எனக்குச் சித்தப்பாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. இருவரையும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். இருவரும் இன்று கொழுந்து எடை போடும் இடத்தில் என்னோடு பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தக் கார்த்திகைக்கு எங்கள் வரிசையில் மூன்று பேர் மாலை போடுவதாக இருக்கிறார்கள். மூவரில் ஒருவர் தினமும் குடிப்பவர். மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். முதலில் கோபப்பட்டார். நேற்று வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை காலை எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று கேட்டார். ஏழு மணி பஸ்ஸில் அவரோடு நானும் போகிறேன்.