தனுஷ்கோடியில் நிற்பது எங்கள் கோயில்

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தில் ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஷூட் வீடியோவை நேற்றிலிருந்து பதினைந்து பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். பீடம் இருந்த மேடையில் ஷூ காலோடு ஏறி, கலர் புகை போட்டு ஆடுகிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். கீழே ‘பேய் சர்ச்சில் எங்கள் ஷூட்’ என்று எழுதியிருக்கிறார்களே, அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அது பேய் சர்ச் இல்லை. கோயில். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் அப்பத்தா கழுத்தில் தாலி ஏறியது அங்கேதான். பெரியப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான்.

ஒரு காலத்தில் தனுஷ்கோடி ஊராக இருந்தது, ஐயா. 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு போட் மெயில் ரயில் நேராக அங்கே வந்து நிற்கும். இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. கப்பலேறப் போகிறவர்களுக்கு அப்பத்தா பனங்கிழங்கு அவித்து விற்றிருக்கிறார்.

1964 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, குடில் கட்ட வைக்கோலும் கொண்டுவந்து போட்டிருந்தார்களாம். ராத்திரி புயலில் கடல் உள்ளே வந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அப்படியே போனது. அப்பத்தா அந்த ராத்திரியை ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. “வைக்கோல் எல்லாம் நனைஞ்சு போச்சுடா” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அப்புறம் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. நாங்கள் தங்கச்சிமடம் வந்துவிட்டோம். ஆனால் மீனவர்கள் சிலர் திரும்பிப் போய்க் குடிசை போட்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் நின்றுகொண்டு எப்படிப் ‘பேய் நகரம்’ என்கிறீர்கள்?

கோயிலின் கூரை போன பிறகு அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்து வலை பின்னியிருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். 2017-ல் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். அதுவரை வேனில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போனவர்கள்தான் பார்த்தார்கள், இப்போது கார் வரிசை நிற்கிறது. வலை பின்னியவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு அது கோயில் என்று தெரியும்.

அந்த வீடியோ தப்பு என்று நான் சொன்னதற்கு, ‘இஸ்தான்புல் ஹாகியா சோபியாவே மாறவில்லையா’ என்று ஒரு நண்பர் பாடம் எடுத்திருக்கிறார். தெரியும். 537-ல் தேவாலயமாக எழுந்தது, 1453-ல் மசூதி ஆனது, 1934-ல் மியூசியமாக்க முடிவு செய்தார்கள், 2020-ல் மறுபடி மசூதி. ஒவ்வொரு முறை மாறியபோதும் மனசு உடைந்தவர்கள் இருந்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே.

‘கடைக்காரர்கள் பிழைப்பில் மண் போடாதே’ என்கிறீர்கள். சங்கும் பாசிமணியும் விற்கிறவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. வராதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? வாருங்கள், படம் எடுங்கள். பேய் என்று சொல்லாதீர்கள். பீடத்தில் ஏறாதீர்கள். இதைக் கேட்டதற்கா மதவெறியன் என்கிறீர்கள்?

கடலில் எடுத்த முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், கட்டிய சுவர் அது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள் தெரியும். உப்புக் காற்றில் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. போன வருஷம் அப்பாவோடு போயிருந்தேன். ஆணியால் கீறிய ஒரு இதயம், உள்ளே இரண்டு பெயர்கள், கீழே தரையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. அப்பா குனிந்து அந்தப் பொடியை விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை.

தம்பி, உங்கள் கல்யாணம் நன்றாக நடக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்பாவும் போனில் வீடியோ பார்க்கிறவர்.