டிசைன் பேப்பரை மடிக்காதீர்கள்

ஆரி எம்பிராய்டரிக்கான டிசைன் பேப்பர்களைப் பத்திரமாக வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒரு பிளவுஸ் கழுத்து டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு முடிக்க ஒரு மதியம் போய்விடும். அதை எடுத்துப் பார்க்கிறவர்கள் நாலாக மடித்து வைத்துவிடுகிறார்கள்! துளை வரிசை மேலேயே மடிப்பு விழுவதால் அடுத்த முறை விரிக்கும்போது தபால்தலை கிழிவது போல நேராகக் கிழிகிறது, மயிலின் கழுத்து ஒரு பக்கம், தோகை ஒரு பக்கம். சரி, சுருட்டி வைக்கலாம் என்றால் துணிமேல் விரித்ததும் மறுபடி சுருண்டுகொள்கிறது.

அப்புறம் அந்த மண்ணெண்ணெய். துளை வழியே டிசைன் துணியில் பதிய, அதில் ஜிங்க் பவுடரைக் குழைத்துப் பேப்பர்மேல் தேய்ப்பேன். தேய்த்த பேப்பரைத் துடைத்துக் காயவைக்காமல் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைக் கறை ஏறி, துளையெல்லாம் அடைத்துப்போகும்.

இப்போது பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து, ஓரத்தில் ‘முதுகு, 36, பானை கழுத்து’ என்று பென்சிலில் எழுதி, கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். நேற்று பார்த்தால் கல்யாண ஆர்டருக்கான கை டிசைனை மட்டும் காணோம். நாளை மறுநாள் பிளவுஸ் கொடுக்க வேண்டும். எடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?