வலிக்காத புண்தான் ஆபத்து

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்குப் பல துறை மருத்துவர்கள் குழுவாகச் சிகிச்சை தரவேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நோயாளி அந்தக் குழுவிடம் எப்போது போய்ச் சேருகிறார் என்பதுதான் என் கவலை. சர்க்கரை நோயால் காலை இழப்பவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு முதலில் வந்தது ஒரு புண்தான். நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது; வலிக்காத புண்ணை யார் காட்டப் போகிறார்கள்? உணர்வு இருக்கிறதா என்று அறிய, 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். காலின் ரத்த ஓட்டத்தை அறியக் கணுக்காலில் அளக்கும் ரத்த அழுத்தத்தை மட்டும் நம்பக்கூடாது. தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஓட்டம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும்; கால்விரல் அழுத்தத்தையும் அளக்கவேண்டும். கால்விரலை வெட்டி எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் ரத்தநாள அறுவை நிபுணர் பார்த்துவிட்டாரா என்று தயவுசெய்து கேளுங்கள். காய்ச்சலோடு கால் வீங்கிச் சிவந்திருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.