செட் ஆயிடும், செட் ஆயிடும்னு எத்தனை நாளைக்கு?

இன்று காலையும் பாத்ரூம் தண்ணீர் வாசல் பக்கம்தான் வந்தது. தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டை மேல் போட்ட ஜாலி எதிர் மூலையில் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கிறது. மேஸ்திரிக்கு போன் போட்டேன். ஹலோ கூட சொல்லவில்லை மனிதர். "செட் ஆயிடும்க்கா."

எது? டைல்ஸா, தண்ணீரா, நானா?

பொங்கலுக்கு முன்னால் போட்ட தரை இது. போட்ட அன்றே கேட்டேன். "அண்ணா, வாட்டம் கதவுப் பக்கம் இருக்கிற மாதிரி தெரியுதே?" ரசமட்டத்தை எடுத்து வைத்தார். அவர் பார்த்தார், நான் பார்த்தேன், கலவைச் சட்டியை இறக்கிவிட்டு சித்தாள் அக்காவும் எட்டிப் பார்த்தார். குமிழி ஜாலி பக்கமாக ஏறிப்போய் நின்றது. அதாவது, தண்ணீர் போக வேண்டிய மூலைதான் மேடு. ரசமட்டத்தைத் திருப்பி வைத்தார். குமிழிக்கு இருந்த நேர்மை, மறுபடியும் அதே மூலைக்குப் போனது. உடனே ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டார். சாட்சியைக் கலைத்தாகிவிட்டது.

"கலவை ஈரமா இருக்குக்கா. செட் ஆனா வாட்டம் தானா வந்துரும்."

"எப்படிண்ணா வரும்?"

"செட் ஆகும்போது இறங்கும்க்கா."

"இறங்கினா ரெண்டு பக்கமும்தானே இறங்கும்?"

"அது செட் ஆகும்போது தெரியும்க்கா."

சித்தாள் அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. ஒரு டைலைத் தட்டினால் உள்ளே டொக்கென்று வெற்றுச் சத்தம். இன்னும் செட் ஆகலையாம். ஒயிட் சிமெண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது. செட் ஆனால் ஒரே கலராகிவிடுமாம். கதவின் அடி தரையில் உரசுகிறது. போகப் போக செட் ஆகிவிடுமாம். சரி, மீதிப் பணம்? "அதை இன்னிக்கே செட்டில் பண்ணிடுங்கக்கா." பார்த்தீர்களா, அதற்கு மட்டும் ஈரம் காயக் காத்திருக்கத் தேவையில்லை.

சிமெண்டுக்குக் கூட இவ்வளவு அவகாசம் கிடையாது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் இறுக ஆரம்பிக்கக் குறைந்தது 30 நிமிடம் ஆக வேண்டும், 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டுத் தர விதி. சட்டென்று இறுகிவிடக் கூடாதே என்று ஆலையிலேயே ஜிப்சம் கலந்துதான் அரைக்கிறார்கள். 600 நிமிடம் என்றால் பத்து மணி நேரம். இவர் தை முடிந்த பிறகும் 'ஆயிடும்' என்று எதிர்காலத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆங்கில வார்த்தை பிறந்த ஊரிலேயே அதற்குக் கட்டுப்பாடு இல்லை என்பது வேறு விஷயம். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். அதை விளக்கச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். பிறகு 'ரன்' 645 பொருளோடு வந்து அதை முந்திவிட்டது. எங்கள் மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலிடம் பறிபோயிருக்காது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உட்கார வை' என்று பொருளாம். அந்தக் கணக்கில் வேலை சுத்தம்தான். கதவோரம் தண்ணீர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நாம் மட்டும் என்ன, அதை விட்டுவைத்தோமா? பம்புசெட், சினிமா செட், செட் புடவை, 'அவன் எங்க செட்டு', 'அந்த ஜோடி செட் ஆகல', அலாரம் செட். என் பாட்டிக்குப் பல்செட்டு கட்டினோம். ஈறு புண்ணாகி, ரசம் சாதம் கூட இறங்காமல், பாவம் கண் கலங்கினார். கட்டியவர் தலையைத் தூக்காமல் சொன்னது: "பழகப் பழக செட் ஆயிடும்." கடைசி வரை அந்தப் பல்செட்டு டம்ளருக்குத்தான் செட் ஆனது.

புதுச் செருப்பு கடித்தாலும் இதே பதில். பிளவுஸ் கை பிடித்தாலும் இதேதான். மருமகள் அழுதாலும் கூசாமல் இதையே சொல்கிறார்கள். பொருள் மாறவே மாறாது, நீ மாறிக்கொள் என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்கள்! நேற்று என் அம்மாவும் ஆரம்பித்துவிட்டார். வாசலில் ஒரு மிதியடியை மடித்துப் போட்டு, அதன் மேல் பழைய லுங்கியைப் பரப்பி, "இப்ப பாரு, செட் ஆயிடுச்சு" என்றார் பெருமையாக. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்த முடியவில்லை. மேஸ்திரி ஜெயித்துவிட்டார்.

சரி, அது ஒழியட்டும். இந்த செட் தோசை விற்கிறார்களே, அவர்களை யார் கேட்பது? முன்பெல்லாம் மூன்று வரும். சத்தமில்லாமல் இரண்டாக்கிவிட்டார்கள். வடகறி கேட்டால் "தீந்துபோச்சுங்க, சாம்பார் ஊத்தவா?" என்கிறார்கள். காலை எட்டு மணிக்கு எப்படிய்யா தீரும்?