2021 தேர்ச்சி விகிதம் கற்றலின் அளவு அன்று
2021-இல் பன்னிரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ அனைவரும் தேர்ச்சி பெற்றதால், கொரோனா காலத்து இணையவழி வகுப்புகளால் பிள்ளைகளின் படிப்பு குறையவில்லை என்று மேலே ஒரு நண்பர் எழுதியுள்ளார். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தமிழ்நாட்டில் அவ்வாண்டு பொதுத்தேர்வே நடைபெறவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எனக் கணக்கிட்டே மதிப்பெண் வழங்கப்பட்டது. அந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வு 2019 மார்ச்சில், அதாவது பள்ளிகள் மூடப்படுவதற்கு ஓராண்டு முன்பே, எழுதப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்போதைய அரசு அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். கற்றல் நிலையை அறிய விரும்புவோர், வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி எடுக்கப்படும் 'அசர்' அறிக்கையின் 2018, 2022 பதிப்புகளை ஒப்பிடலாம்: இந்தியக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 27.3 விழுக்காட்டிலிருந்து 20.5-ஆகக் குறைந்தனர்.

எங்கள் முக்கூடல் பக்கம், அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் வீட்டில் இருந்த ஒரே கைபேசி காலையிலேயே அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். அந்த வீட்டுச் சிறுமி பள்ளி திறந்தபோது 'ழ'கரத்தையும் 'ள'கரத்தையும் எழுத்துக் கூட்டித் தடுமாறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.