தொண்டித் துறைமுகம் இருக்கட்டும், காரைக்குடிக்கு ஒரு சுங்கக் கிடங்கு கொடுங்கள்

தேர்தல் நெருங்கினால் எங்கள் காரைக்குடிப் பக்கத்தில், ராமநாதபுரம் கடலோரத்துத் தொண்டிக்குப் பெரிய துறைமுகம் வேண்டும் என்ற பேச்சு தானாகக் கிளம்பிவிடும். போன வாரம் தேவகோட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் தொண்டியில் கண்டெய்னர் கப்பலையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "வெளிநாட்டுக்கு அனுப்புறது நீங்கதானே தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார். வாயில் வடை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எங்கள் பிழைப்பு. கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற அதே கல்தான். உள்ளூர் வீடுகளுக்குப் போவது போக, வருடத்தில் சில லோடு கடல் தாண்டும்.

தொண்டி மீது எனக்கும் பாசம் உண்டு. பர்மாத் தேக்கு அங்கேதான் இறங்கியது என்று அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் காலத்துக் கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கும், சரக்கைத் தோணியில் மாற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள், அங்கிருந்து மாட்டு வண்டி. ஆள் கூலி மலிவு, யாருக்கும் அவசரமில்லை, ஓடியது. இன்றைக்கும் கொச்சியில் கிளம்பும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை, திருவாடானை எல்லாம் கடந்து தொண்டியில் வந்து முடிகிறது. சாலை துறைமுகம் வரை வந்துவிட்டது. துறைமுகம்தான் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் கடலைத்தான் கைகாட்ட வேண்டும். தொண்டி இருக்கும் பாக் விரிகுடா குளம் மாதிரி. அதிகபட்ச ஆழமே ஏறக்குறைய 13 மீட்டர்தான், அதுவும் நடுக்கடலில். தொண்டிக் கரையில் நின்று பாருங்கள், மீனவர்கள் எவ்வளவு தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் படகில் ஏறுகிறார்கள் என்று. தூத்துக்குடியில் கப்பல் வந்து நிற்கும் தளத்தில், 14 மீட்டர் வரை தண்ணீருக்குள் அமிழும் கப்பலுக்கு இடம் கொடுக்கிறார்கள். அதற்கே பெரிய தாய்க்கப்பல் பெரும்பாலும் கொழும்போடு நின்றுவிடும், நம் பெட்டி சின்னக் கப்பலில் அங்கே போய் மாறித்தான் ஏற வேண்டும். இப்போது கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகமும் 2024 டிசம்பரிலிருந்து வணிகத்துக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் தொண்டிக்கு எந்தக் கப்பல் கம்பெனி வரும்?

தோண்டலாமே என்பார்கள். சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தை 2005-ல் தொடங்கியபோதும் அப்படித்தான் சொன்னார்கள், இன்னும் முடியவில்லை. போதாததற்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று 2022-ல் அரசு அறிவித்திருக்கிறது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அந்தப் புல் வளரும் அடிமண்ணைத்தான் தூர்வாரும் கப்பல் வாரிக்கொண்டு போகும். தொண்டி அதற்குச் சற்றுத் தெற்கே இருந்தாலும், தூர்வாரினால் அங்கேயும் புல்லுக்கு அதே கதிதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பெனாங்கில் ஒரு வீட்டுக்கு 2400 கல். ஒரு கல் இரண்டே முக்கால் கிலோ வாக்கில் இருக்கும், ஆக ஆறரை டன். முழுக் கண்டெய்னருக்குக் காணாது. பலர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். ராத்திரி ஆத்தங்குடியில் லாரி கிளம்பி விடிகாலையில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. எட்டு மணிக்கு டிரைவர் போன்: "அண்ணே, பலகையில முத்திரை இல்லையாம்."

கல்லை அடுக்கும் மரப்பலகையை மருந்துப் புகையிலோ சூட்டிலோ வைத்து, பூச்சி இல்லை என்று கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை குத்த வேண்டும். எங்கள் தச்சர் செய்து கொடுத்த பலகை நல்ல பலகைதான், முத்திரைதான் இல்லை. இடுக்கில் வைக்கோல் வேறு திணித்திருந்தோம், அதையும் உருவச் சொல்லிவிட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் 2400 கல்லையும் இறக்கி, வேறு பலகைக்கு மாற்றி, ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கி ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கல் 'டங்' என்று சொல்லும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். பொழுது சாய்வதற்குள் எழுபத்தோரு 'டொக்'. கேட் மூடும் நேரம் தாண்டிவிட்டது, அந்தக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும் வரை கிடங்கு வாடகை என் தலையில். கிடங்கைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் விதிப்படிதான் செய்தார்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் அந்த விதியைத் தெரிந்துகொண்டதுதான் என் வயிற்றெரிச்சல்.

அன்று எனக்குத் தேவைப்பட்டது என்ன? காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய கொட்டகை. அதில் எடைமேடை, மருந்துப் புகை அறை, முத்திரை வைத்த பலகை, வாரத்தில் இரண்டு நாளாவது வந்து உட்காரும் ஒரு சுங்க அதிகாரி. பெட்டியை இங்கேயே அடைத்து, இங்கேயே சீல் வைத்துவிட்டால் தூத்துக்குடியில் அது கப்பல் ஏறுவது மட்டும்தான் பாக்கி. திருப்பூருக்கு ஏது கடல்? கோவைப் பக்கத்து இருகூருக்கு ஏது? அங்கெல்லாம் உள்நாட்டுக் கண்டெய்னர் கிடங்கு இருக்கிறது. பனியனுக்குக் கொடுத்ததைக் கல்லுக்கும் கொடுக்கலாம். இங்கிருந்து மானாமதுரை, விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கு அகல ரயில் பாதையும் கிடக்கிறது.

"அவ்வளவு சரக்கு உங்க ஊர்ல ஏது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். திருப்பூர் அளவுக்குச் சத்தியமாக இல்லை. தினமும் ஒரு ரயில் நிரம்பாது. ஆனால் கல் இருக்கிறது, கண்டாங்கிச் சேலை இருக்கிறது, பலகாரம், மரவேலை இருக்கின்றன. எல்லாம் சில்லறை சில்லறையாக மூன்று நான்கு ஊருக்குப் போய் வேறு யார் பேரிலோ கப்பல் ஏறுகின்றன. ஒரே கூரைக்குக் கீழே சேர்த்தால்தானே எவ்வளவு என்று தெரியும்?

தொண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நல்ல மீன் இறங்குதளமும் ஐஸ் வசதியும் கிடைக்கட்டும், அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். கண்டெய்னர் கப்பலுக்குப் போட மாட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024-லிருந்து ஓடும் பயணிகள் கப்பலுக்குச் 'சிவகங்கை' என்று பெயர். கடலே இல்லாத எங்கள் மாவட்டத்துக்குக் கப்பலில் பெயராவது கிடைத்தது என்று சிரித்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு சொந்த வேலை. அடுத்த மாதம் ஒரு ஓட்டலுக்கு முழு இருபதடிப் பெட்டி போகிறது, பெனாங்குக்குத்தான். கல்லில் ஒரு தொல்லை: இடுப்பு உயரம் அடுக்கியதுமே எடை வரம்பு தொட்டுவிடும், மேலே பாதிப் பெட்டி காற்றுதான், அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. கொட்டான், கூடை மாதிரிக் கனமில்லாத சரக்கு வைத்திருப்பவர்கள் யாராவது அந்தப் பக்கம் அனுப்புவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நாலு அட்டைப்பெட்டிக்கான எடையை ஒதுக்கிவைக்கிறேன், ஏஜெண்டிடம் தனி பில் போட்டுக்கொள்ளலாம். ஓலைச் சாமானுக்கும் மருந்துப் புகைச் சான்று கேட்பார்கள், அதை இப்போதே விசாரித்துவிடுங்கள். பலகை இந்த முறை முத்திரையோடு வந்திறங்கிவிட்டது.