தவக்காலமும் சினிமாவும் ஓரியூர் ரோடும்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால், ஈஸ்டர் வரை நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி நின்றுவிடும், கல்யாணப் பேச்சு நின்றுவிடும், சினிமாவும் நின்றுவிடும். கறியை விடுவது புரிகிறது. நல்ல காரியத்தைத் தள்ளிவைப்பதும் புரிகிறது. சினிமாவை ஏன் இந்த வரிசையில் சேர்த்தார்கள் என்பதில்தான் எனக்கு ரொம்ப நாளாகவே உடன்பாடு இல்லை. இந்த வருஷமும் எங்கள் பகுதி ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் சினிமாவை உலக ஆசை, சாத்தானின் வலை என்றெல்லாம் பேசினார். நல்ல மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் விசுவாசத்தில் பெரும்பங்கு திரையிலும் ரோட்டிலும் கிடைத்தது. அதை வெளியே சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

கோயிலுக்கும் சினிமாவுக்கும் ஆகாது என்று யார் சொன்னது? 1948இலேயே 'ஞானசௌந்தரி' படத்தில் தேவமாதாவை வேண்டும் நாயகியைத் தமிழ்நாடே பார்த்தது. 1978இல் தெலுங்கில் வந்த இயேசு படமான 'கருணாமயுடு' தமிழில் 'கருணாமூர்த்தி' ஆகி ஊர் ஊராகப் போனது. கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போடுவார்கள். கசையடிக் காட்சியில் பாட்டிமார் "ஐயோ ராசா, என்னப் பெத்த ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள், இழவு வீட்டில் அழுகிற அதே ராகத்தில். எந்தச் சாமியார் பிரசங்கத்துக்கு அப்படி அழுதார்கள்? அப்புறம், சினிமாவுக்கு நூறு வயதானபோது, 1995இல், வத்திக்கானே 45 படங்களைப் பட்டியலிட்டுப் பாராட்டியது. இயேசுவைப் பற்றி நாத்திகரான இத்தாலிய இயக்குநர் பசோலினி எடுத்த படம் அதில் இருக்கிறது. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 'வைல்டு ஸ்ட்ராபெரீஸ்' (1957) இருக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகரத்துக்குக் காரில் போகும் ஒரு வயசான டாக்டரின் கதை. வழியில் ஏறிக்கொண்ட இரண்டு பையன்கள் கடவுள் உண்டா இல்லையா என்று கைகலப்பு வரை போவார்கள்.

கவனித்தீர்களா, அதுவும் ஒரு பயணப் படம். எனக்குக் கடவுளைக் காட்டிய படங்கள் பெரும்பாலும் பயணப் படங்களாகவே இருக்கின்றன. 'அன்பே சிவம்' (2003) உங்களுக்குத் தெரியும். புவனேஸ்வரத்திலிருந்து சென்னை வரை ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு பேர். நாயகன் கடவுள் இல்லை என்பவன். விபத்தில் சிதைந்து கிடந்த அவனைத் தூக்கி எடுத்துக் குணமாக்குவது கன்னியாஸ்திரிகள். அதை எழுதிய கமல்ஹாசனும் விசுவாசி இல்லை. ஆனாலும் அன்பில்லாதவன் கடவுளை அறியாதவன் என்று யோவான் எழுதியது எனக்கு விளங்கியது அங்கேதான்.

அதைவிட ஆழமாக என்னைப் பிடித்தது 'சென்ட்ரல் ஸ்டேஷன்' (1998) என்ற பிரேசில் படம். இயக்கியவர் வால்டர் சால்ஸ். ரியோ ரயில் நிலையத்தில் டோரா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறாள். வீட்டுக்குப் போனதும் அவற்றில் பலவற்றைக் கிழித்துப் போடுகிறாள், அல்லது மேசை டிராயரில் திணிக்கிறாள். கடிதம் எழுதவந்த ஒரு பெண் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அநாதையாக நிற்கும் அவள் மகன் ஜோஸுவேயை டோரா காசுக்கு விற்றுவிடுகிறாள். பிறகு மனசு கேட்காமல் போய்த் திருடிக்கொண்டு வருகிறாள். இருவரும் அவனுடைய அப்பாவைத் தேடி வடகிழக்கு வறண்ட பூமிக்குப் போகிறார்கள். அப்பா பெயர் இயேசு. தொழில் தச்சுவேலை. படம் முடியும்வரை அவர் நேரில் வருவதே இல்லை.

வழியில் சுவிசேஷ சபையைச் சேர்ந்த ஒரு லாரிக்காரர் அவர்களை ஏற்றிக்கொள்கிறார். தங்கமான ஆள். டோரா ஆசையோடு அவர் கையைப் பிடித்ததும், சொல்லாமல் கொள்ளாமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவள் மயங்கி விழுவது மெழுகுவர்த்தி ஏந்திய திருயாத்திரைக் கூட்டத்தின் நடுவில். விடிந்து பார்த்தால் அவள் தலை அந்தப் பையன் மடியில் இருக்கிறது. அவள் விற்ற பையன்! எனக்குத் தெரிந்து மன்னிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் சொன்னதில்லை. அந்த ஊரில் யாத்ரீகர்கள் புனிதர்களுக்கு எழுதச் சொல்லும் கடிதங்களை அவள் ஒழுங்காகத் தபாலில் போடுகிறாள். அவள் வாயில் ஒரு ஜெப வார்த்தைகூட வரவில்லை. வேறு என்ன மனந்திரும்புதல் வேண்டும்?

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) உண்மைக் கதை. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு, 73 வயசுக்காரர் புல்வெட்டும் வண்டியிலேயே சுமார் 390 கிலோமீட்டர் போகிறார். மதுரைப் பக்கத்தில் இந்தக் கதைக்கு விளக்கமே தேவையில்லை. வரப்புக்கும் பொதுச்சுவருக்கும் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் தெருவுக்கு ஒரு ஜோடி இருப்பார்கள். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான், பாகப்பிரிவினைக்குப் பிறகு.

அந்தப் படம் பார்த்த கையோடுதான் இருவரையும் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குக் கூட்டிப்போக முடிவு செய்தேன். புனித அருளானந்தர் கோயிலுக்கு என்றதும் இருவராலும் மறுக்க முடியவில்லை. அப்பா முன்சீட், சித்தப்பா பின்சீட். சிவகங்கை தாண்டியும் சத்தமே இல்லை. ரோட்டின் இருபக்கமும் சீமைக்கருவேலம், இடையிடையே அடுக்கிவைத்த கரிமூட்டைகள். காளையார்கோவிலில் டீ குடிக்க நிறுத்தினேன். அப்பா இறங்கிப்போய், திரும்பிப் பார்க்காமல், "மூணு டீ, ஒண்ணு சீனி இல்லாம" என்றார். சித்தப்பாவுக்குச் சர்க்கரை வந்ததே இவர்கள் பேச்சை நிறுத்திய பிறகு. நாங்கள் யாரும் அப்பாவிடம் சொன்னதில்லை. யாரிடமோ விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார். சித்தப்பா கிளாஸை வாங்கிக் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஒனக்கு பிரஷர் எப்படி இருக்குண்ணே" என்று கேட்டார்.

எம்மாவுக்குப் போன சீடர் இருவருக்கும் வழி நெடுக உடன் வந்தவர் உயிர்த்த இயேசு என்று தெரியவில்லை, சாப்பாட்டில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது என்று லூக்கா எழுதுகிறார். அது கோயிலில் நடக்கவில்லை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்த களைப்பில் நடந்தது. ஜான் டி பிரிட்டோ என்ற நம் அருளானந்தரும் ரோட்டில் வாழ்ந்த மனிதர்தான். லிஸ்பனில் பெரிய வீட்டுப் பிள்ளை. காவி கட்டி மறவர் நாட்டில் நடந்தார், அடிபட்டார், சிறையிருந்தார். போர்ச்சுகலுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகும் 1690இல் மறுபடி இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அங்கே அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நாங்கள் நம்பும் செம்மண்ணை அள்ளித் துண்டில் முடிந்துகொள்ள சித்தப்பா குனிந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அப்பாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

படமும் ரோடும் செய்வது ஒரே வேலை. நாம் தேடிப்போகாத ஒரு ஆள் பக்கத்தில் நம்மை நெடுநேரம் உட்காரவைக்கின்றன. இடையில் எழுந்து போக வழியில்லை. கோயிலில்கூட எனக்குப் பிடிக்காதவர் இருந்தால் தள்ளிப்போய் அடுத்த வரிசையில் உட்கார்ந்துவிடலாமே. எல்லாப் படத்தையும் நான் சொல்லவில்லை. வெட்டுக்குத்தும் வன்மமுமாக, நம் ஊர்ப் பெயரைச் சொல்லியே எடுத்த படங்கள் எத்தனை என்று மதுரைக்காரனுக்குத் தெரியாதா? அதையெல்லாம் நாற்பது நாள் விடுங்கள், நானும் விடுகிறேன்.

நம் பங்குத்தந்தையும் இதைப் படிப்பார் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஃபாதர், பங்கு மண்டபத்தில் புரொஜெக்டர் சும்மாதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை அப்படியே இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு படம் போடலாம். முதல் வாரம் 'சென்ட்ரல் ஸ்டேஷன்'. சில காட்சிகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அதனால் பெரியவர்கள் மட்டும் வரட்டும். தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டால் மைக்கைப் பிடித்துக் கூடவே சொல்ல நான் தயார். ஜெபக்கூட்டப் பெரியவரை நானே போய் அழைத்து வருகிறேன்.